ரோமா, பாரிஸா? டான் பிரவுனில் எதை முதலில் எடுப்பது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் ஆங்கில நாவல் படிக்க ஆரம்பிக்கிறவர்களில் பலர் கடைசியில் டான் பிரவுனிடம் வந்து நிற்கிறார்கள். இலக்கிய ருசி அதற்குக் காரணமில்லை. பழைய புத்தகக் குவியலில் கைக்கு முதலில் அகப்படுவது அவர்தான். எஸ்.பி.எம். முடித்துவிட்டு மேற்படிப்புக் கடிதத்துக்குக் காத்திருக்கும் பிள்ளை, தொழிற்சாலைப் பஸ்ஸில் இரவு வேலைக்குப் போய்வருகிறவர், ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை, மாதம் ஒரு புத்தகம் என்று கூடும் வாசிப்பு வட்டம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. ரோமில் நடக்கும் ‘ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ்’, பாரிஸில் தொடங்கும் ‘தி டாவின்சி கோட்’ இரண்டில் எது முதலில்?

எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தள்ளிவிட முடியாது. இரண்டும் ஒரே பணியாரச் சட்டியில் ஊற்றியவை. நேரங்கெட்ட நேரத்தில் கதாநாயகனை, குறியீடுகளை ஆராயும் பேராசிரியர் ராபர்ட் லாங்டனை, எழுப்பிக் கூட்டிப்போகிறார்கள். ஒரு பெரிய மனிதர் செத்துக் கிடக்கிறார். உடம்பில் ஒரு குறி. செத்தவருடைய குடும்பத்துப் பெண், ரோம் கதையில் வளர்ப்பு மகள், பாரிஸ் கதையில் பேத்தி, லாங்டனோடு சேர்ந்துகொள்கிறாள். கொலை செய்பவன் ஒருவன். அவனுக்குப் போனில் உத்தரவு போடும் முகம் தெரியாத எஜமான் இன்னொருவன். பழி ஒரு மத அமைப்பின் மேலோ இரகசிய சபையின் மேலோ விழுகிறது. கடைசியில் எஜமான் யார் என்று தெரியும்போது வாசகர் தலையில் கை வைக்கிறார்.

தலையில் கை வைப்பது ஒரு தடவைதான் நடக்கும். இரண்டாவதாகப் படிக்கும் கதையில், கொஞ்சம் கூர்மையான வாசகர் பாதியிலேயே ஆளைப் பிடித்துவிடுவார். ஆகவே எது நல்ல நாவல் என்பதைவிட, எதைச் சப்பென்று படிக்க நீங்கள் தயார் என்பதுதான் தீர்மானிக்க வேண்டிய விஷயம். யார் அந்த எஜமான் என்று இந்தக் கட்டுரை சொல்லாது. இடங்கள், ஓவியங்கள் பெயர் மட்டும் வரும்.

எதையெல்லாம் வைத்து எடை போடுவது

ஐந்து விஷயம் பார்த்தால் போதும். கதை ஓட்டம் எங்கே படுத்துக்கொள்கிறது? ஆங்கிலம் எவ்வளவு தடுக்கிறது? புதிரை வாசகரும் அவிழ்க்க முடியுமா, இல்லை லாங்டன் அவிழ்ப்பதை வேடிக்கை பார்க்க வேண்டுமா? ‘உண்மை’ என்று கதை சொல்வதில் எவ்வளவு புளுகு? புத்தகத்தை வீட்டு மேசையில் வைத்தால் யாராவது முகம் சுளிப்பார்களா? விலையைக் கணக்கில் சேர்க்கவில்லை. பழைய பிரதிகளுக்குள் பெரிய வித்தியாசம் இருக்காது.

| | ஏஞ்சல்ஸ் அண்ட் டீமன்ஸ் | தி டாவின்சி கோட் |
|---|---|---|
| வெளிவந்த ஆண்டு | 2000 | 2003 |
| அத்தியாயங்கள் | 137 | 105, கூடவே ஒரு முடிவுரை |
| நாளுக்கு 5 அத்தியாயம் என்றால் | 28 நாள் | 22 நாள் |
| நடக்கும் இடம் | ஜெனீவா, ரோம் | பாரிஸ், லண்டன், ஸ்காட்லாந்து |
| தொய்யும் இடம் | முதல் மூன்றில் ஒரு பங்கு | நடுப்பகுதி |
| புதிர்களின் வகை | சிலை, தேவாலயம், திசை | எண், எழுத்து, சொல் |
| திரைப்படம் | 2009 | 2006 |

ரோம்: கடிகாரம் ஓடும் கதை

ஜெனீவாவிலுள்ள செர்ன் என்ற இயற்பியல் ஆய்வுக்கூடத்திலிருந்து கால் கிராம் எதிர்ப்பொருள் திருடுபோய், வத்திக்கானுக்குள் எங்கோ ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் காந்தப்புலத்தில் மிதக்க வைத்திருக்கும் மின்கலம் 24 மணி நேரத்துக்குத்தான் தாங்கும். புதிய திருத்தந்தையை, அதாவது போப்பை, தேர்ந்தெடுக்கத் திருச்சபையின் மூத்தவர்களான கர்தினால்கள் கூடிய அதே இரவு. காணாமல் போன நான்கு கர்தினால்களை எட்டு மணியிலிருந்து மணிக்கு ஒருவராகக் கொல்லப்போவதாக மிரட்டல் வருகிறது. நான்கு கொலையும் நான்கு இடத்தில், மண், காற்று, நெருப்பு, நீர் என்ற வரிசையில்.

இந்த அமைப்பின் பலம், வாசகருக்கு எந்த நேரமும் மணி என்ன என்று தெரிந்திருப்பது. பத்து நாள் படிக்காமல் விட்டுவிட்டு வந்தாலும், எத்தனை பேர் செத்தார்கள், மணி எத்தனை என்று பார்த்தால் விட்ட இடம் பிடிபட்டுவிடும். ஷிப்டு மாறி மாறி வேலை செய்கிறவருக்கு இது சின்ன வசதி இல்லை.

ஆனால் அந்த ஓட்டம் பிடிக்க நேரமாகிறது. ஆரம்ப அத்தியாயங்கள் செர்னுக்குள்ளேயே சுற்றுகின்றன. எதிர்ப்பொருள் என்றால் என்ன, அறிவியலும் மதமும் ஒத்துப்போகுமா என்று பேச்சு, பேச்சு, பேச்சு. முதல் தேவாலயத்துக்கு ஓடும் வரைக்கும் பொறுமை வேண்டும். இந்த நாவலைக் கைவிடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் கைவிடுகிறார்கள். படிவம் 5 இயற்பியல் ஞாபகம் உள்ளவருக்கு அது சுமையாகத் தெரியாது. மற்றவர்கள் ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டலாம்: எதிர்ப்பொருள் சாதாரணப் பொருளைத் தொட்டால் இரண்டும் சேர்ந்து முழுக்க ஆற்றலாகிவிடும். கதைக்கு அவ்வளவுதான் தேவை.

இரத்தம் அதிகம். சூடுகோலால் நெஞ்சில் முத்திரை குத்துவது, கண்ணைப் பிடுங்கி விழித்திரைப் பூட்டைத் திறப்பது, கர்தினால்கள் சாகும் விதம் எல்லாமே விவரமாக வரும். பதினாறு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கொடுப்பதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் புரட்டிப் பார்ப்பது நல்லது.

சுங்கை சிப்புட் வாசகருக்கு ரோம் கதையில் வேறொரு பிடிமானமும் உண்டு. பேராக் மாநிலத்துக் கத்தோலிக்கத் திருச்சபை பினாங்கு மறைமாவட்டத்தின் கீழ் வருகிறது. அதன் ஆயர் செபஸ்டியன் பிரான்சிஸ் 2023-இல் கர்தினாலானார். திருத்தந்தை பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21-இல் காலமான பிறகு சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் வாக்களிக்கப் போனவர்களில் அவரும் ஒருவர். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, கரும்புகை, வெண்புகை எல்லாம் அந்த மே மாதம் இங்கே வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியில் ஓடியது. அதனால் நாவலில் கதவை அடைத்துப் பூட்டும் காட்சி வரும்போது விளக்கம் தேவைப்படாது. ஒன்றே ஒன்று: நாவலில் இடைக்காலப் பொறுப்பை வகிக்கும் கமர்லெங்கோ ஓர் இளம் குருவானவர். நடைமுறையில் அந்தப் பதவியில் இருப்பவர் ஒரு கர்தினால்.

பாரிஸ்: எழுத்தும் எண்ணும் விளையாடும் கதை

லூவர் அருங்காட்சியகத்தின் காப்பாளர் இரவு பத்தே முக்கால் மணியளவில் சுடப்படுகிறார். சாவதற்குள் தன் உடம்பையே ஒரு செய்தியாக வரைந்து வைத்துவிட்டுப் போகிறார். பக்கத்தில் 13, 3, 2, 21, 1, 1, 8, 5 என்று எண்கள்.

புத்தகத்தை இங்கே மூடிவிட்டு ஒரு தாளில் அந்த எண்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கிப் பாருங்கள். 1, 1, 2, 3, 5, 8, 13, 21. முந்திய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளையும் பிடித்துவிடும். வாசகரைக் கதைக்குள் இழுப்பது இந்த இடம்தான். ரோம் கதையில் லாங்டன் ஒரு சிலையின் விரல் எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பார்த்து ஓடுவார், நாம் பின்னால் ஓடுவோம். பாரிஸ் கதையில் நாமும் பென்சிலை எடுக்கலாம். கிரிப்டெக்ஸ் என்ற உருளைப் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஐந்து வளையம், வளையத்துக்கு 26 எழுத்து. 26-ஐ ஐந்து முறை பெருக்கினால் 11,881,376 சேர்க்கை. ஏன் குத்துமதிப்பாகத் திறக்க முடியாது என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும். (உள்ளே வினிகர்க் குப்பி உடைந்தால் பாப்பிரஸ் சுருள் கரைந்து கூழாகிவிடுமாம். தாவர நாரை வினிகர் அப்படிக் கரைக்காது. ஊறுகாய் போடுகிற வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.)

மறைந்திருக்கும் செலவு மொழியில் இருக்கிறது. பாதிப் புதிர்கள் ஆங்கில எழுத்தை இடம் மாற்றி விளையாடுபவை. காப்பாளர் எழுதிய வரிகளின் எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் ஓவியரின் பெயரும் ஓவியத்தின் பெயரும் வரும். லண்டனில் வரும் ஒரு பெரிய புதிர் முழுக்க ஒரே ஆங்கிலச் சொல்லின் இரட்டைப் பொருளில் நிற்கிறது. தமிழிலோ மலாயிலோ பெயர்த்தால் இவை அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடும். எனவே இந்த நாவலைப் படிப்பதென்றால் ஆங்கிலத்திலேயே படிக்க வேண்டும். அது சிரமமென்றால் ரோம் கதைக்குப் போய்விடலாம். அங்கே எழுத்து விளையாட்டு, தலைகீழாகப் பிடித்தாலும் அதே சொல்லாக வாசிக்கக்கூடிய முத்திரைகள் மட்டும்தான். அவை படமாகவே அச்சாகியிருக்கும், எந்த மொழிக்காரரும் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து ரசிக்கலாம்.

கதை நடுவில் ஒரு மாளிகை வரவேற்பறையில் உட்கார்ந்துவிடுகிறது. பைபிள் எப்படித் தொகுக்கப்பட்டது, ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தில் இயேசுவுக்குப் பக்கத்தில் இருப்பது யார் என்று பல அத்தியாயம் நீளும் வகுப்பு. தூங்குகிறவர்களும் உண்டு, புத்தகத்தின் உயிரே இதுதான் என்கிறவர்களும் உண்டு. வாசிப்பு வட்டத்தில் இரண்டு மணி நேரம் சண்டை போட இதைவிட நல்ல பகுதி கிடைக்காது.

முதல் பக்கத்தில் இருக்கும் பொறி

இரண்டு நாவலும் கதை தொடங்குமுன் ஒரு பக்கத்தில் ‘இவை உண்மை’ என்று அறிவிக்கின்றன. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. எங்கோ பாலம் கட்டுகிறார்கள், தூணுக்குத் தலை வேண்டுமாம், இருட்டினால் பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று லயத்துக்கு லயம் பரவிய கதையை நினைத்துப் பாருங்கள். பாலம் உண்மை. வேலைக்கு வந்த வெளியூர் ஆட்களும் உண்மை. நடுவில் இருக்கும் நூல் மட்டும் பொய். டான் பிரவுனும் இப்படித்தான் கட்டுகிறார்: தேவாலயம் உண்மை, சிலை உண்மை, இரண்டையும் இணைக்கும் நூல் அவருடையது.

ரோம் நாவலில் அந்த நூல் எங்கே அறுகிறது என்று ஆண்டுகளை வைத்தே பார்க்கலாம். கொலைகளுக்குப் பின்னால் இருப்பதாகக் காட்டப்படும் இல்லுமினாட்டி என்ற இரகசிய சபையில் கலிலியோ இருந்தார், சிற்பி பெர்னினி அதன் இரகசியக் கலைஞர், அவர் சிலைகளே வழிகாட்டி என்கிறது கதை. வரலாற்றில் இல்லுமினாட்டி என்ற அமைப்பை ஆதாம் வைஸ்ஹாப்ட் என்ற பேராசிரியர் பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் தொடங்கியது 1776 மே 1-இல். பத்து வருஷத்துக்குள் அரசு தடை செய்துவிட்டது. கலிலியோ இறந்ததோ 1642-இல். அதைவிட வேடிக்கை: கலிலியோ காலத்துப் பாதையில் நிறுத்தமாக வரும் நவோனா சதுக்கத்து நான்கு நதி நீரூற்று 1651-இல்தான் முடிந்தது. புனித தெரேசா சிலை வத்திக்கானில் இருந்ததாம், எட்டாம் அர்பன் என்ற திருத்தந்தை அதை வெளியே அனுப்பினாராம். அவர் 1644-இல் காலமானார். சிலை வேலை தொடங்கியது 1647-இல், அதுவும் இன்று அது இருக்கும் அதே சிற்றாலயத்துக்காக.

எதிர்ப்பொருள் கணக்கு மட்டும் தாளில் நிற்கிறது. கால் கிராம் எதிர்ப்பொருளும் கால் கிராம் பொருளும் சேர்ந்து அழிந்தால் சுமார் 10 கிலோ டன் வெடிமருந்தின் ஆற்றல் வரும், ஹிரோஷிமா குண்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் செர்ன் இதுவரை உண்டாக்கிய எதிர்ப்பொருள் அத்தனையையும் சேர்த்து அழித்தாலும் ஒரு மின்விளக்கைச் சில நிமிஷம்தான் எரிய வைக்க முடியும் என்பது அந்த ஆய்வுக்கூடமே சொன்ன கணக்கு.

பாரிஸ் நாவலின் புளுகு வேறு தினுசு. பிரயரி ஆஃப் சயன் என்ற சபை 1099 முதல் இருப்பதாகவும் டாவின்சியும் நியூட்டனும் அதன் தலைவர்கள் என்றும் முதல் பக்கமும் கதையும் சொல்கின்றன. அந்தப் பெயரில் ஒரு சங்கத்தை பியர் பிளாந்தார் என்பவர் பிரான்ஸின் அன்மாஸ் ஊரில் தொடங்கியது 1956-இல். தலைவர் பட்டியலைக் கொண்ட ‘பழைய ஆவணங்கள்’ 1960-களில் பாரிஸ் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்ட போலிகள். நூலகத்தில் இருக்கிறது என்றாலே உண்மை என்று நம்பும் நம் ஆட்களுக்கு இது நல்ல பாடம். லூவர் கண்ணாடிப் பிரமிடில் 666 கண்ணாடி என்பதும் சரியல்ல, 673. கதாநாயகி ஓர் ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் கேடயமாகப் பிடிக்கிறாள். ‘பாறைகளின் கன்னி’ என்ற அந்த ஓவியம் கிட்டத்தட்ட 2 மீட்டர் உயரம், 1.2 மீட்டர் அகலம். வீட்டுக் கதவைக் கழற்றிப் பிடித்து ஓடுவது போல.

என் கணக்கில் ரோம் கதையின் தவறுகள் பொழுதுபோக்குக்கு உதவும், வெளியே வந்ததும் உதிர்ந்துவிடும். பாரிஸ் கதையின் தவறுகள் ஒட்டிக்கொள்ளும். கிறிஸ்தவ ஆயர்களின் நைசேயா சங்கம் கூடிய 325-ஆம் ஆண்டில்தான் இயேசு வாக்கெடுப்பில் கடவுளானார் என்று, நாவலைப் படித்தே இராத ஆள்கூடப் புலனக் குழுவில் சத்தியம் பண்ணுவார். அந்தச் சங்கத்தில் விவாதித்தது, மகன் தந்தைக்குச் சமமா, தந்தையால் படைக்கப்பட்டவரா என்பதை. முடிவும் நூலிழையில் வந்ததல்ல. எதிர்த்து நின்றவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்

கத்தோலிக்கக் குடும்பத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் எண்ணமிருந்தால் பாரிஸ் நாவலைத் தவிர்த்துவிடுங்கள். ரோம் நாவல் வத்திக்கானுக்குள் கொலை செய்கிறது, ஆனால் விசுவாசத்தை மரியாதையோடு பேசும் பாத்திரங்களும் அதில் உண்டு. பாரிஸ் நாவல் கை வைப்பது விசுவாசத்தின் அடிப்படையிலேயே. 2006-இல் அதன் திரைப்படத்தைத் தமிழ்நாட்டு அரசு கொஞ்ச காலம் தடை செய்திருந்தது. அந்த ஞாபகம் நம் ஊர்ப் பெரியவர்களிடமும் உண்டு. ஓபஸ் டேய் என்ற கத்தோலிக்க அமைப்பின் உறுப்பினர் ஒருவன் தன்னையே சாட்டையால் அடித்துக்கொள்ளும் காட்சிகளும், ஒரு சடங்கைப் பற்றிய பாலியல் நினைவும் அதில் வருகின்றன. வாசிப்பு வட்டத்தில் கிறிஸ்தவர் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தேர்ந்தெடுங்கள். விவாதம் நடக்கும் நாளில் சொன்னால் கோபம் இரட்டிப்பாகும்.

படம் பார்த்துவிட்டவர்களுக்கு

2006 படம் நாவலின் முடிச்சுகளைப் பெரும்பாலும் அப்படியே வைத்திருக்கிறது. பார்த்தவருக்கு நாவலில் மிஞ்சுவது விளக்கங்கள்தான். 2009 படமோ ரோம் கதையில் தாராளமாகக் கை வைத்தது. கடத்தப்பட்ட நால்வரில் ஒருவரின் முடிவே மாறிவிட்டது, கதாநாயகியின் வளர்ப்புத் தந்தை விஷயமும் போய்விட்டது. இரண்டு படமும் பார்த்தவர் ரோம் நாவலை எடுத்தால் கொஞ்சமாவது புதிது கிடைக்கும். படம் ரோம் கதையைப் பாரிஸுக்குப் பிறகு நடப்பதாகக் காட்டும். புத்தகத்தில் ரோம்தான் முந்தியது. பாரிஸ் நாவலில் அதைப் பற்றி ஒன்றிரண்டு வரி போகிற போக்கில் வரும், முடிச்சு அவிழாது.

பழைய பிரதி வாங்கும்போது

ஈப்போவுக்குப் போகும் நாளில் பழைய புத்தகக் கடையிலோ, இணையத்தில் விற்பவரிடமோ வாங்குவதென்றால், முதலில் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். பாரிஸ் நாவலில் 105-க்குப் பிறகு முடிவுரை இருக்க வேண்டும். பசை விட்டுப்போன பிரதியில் முதலில் உதிர்வது கடைசித் தாள்கள், விடை இருப்பதும் அங்கேதான். முதுகை லேசாக வளைத்துப் பாருங்கள். ‘டப்’ என்று சத்தம் வந்தால் பசை காய்ந்துவிட்டது. நம் ஊர் ஈரத்தில் இரண்டு மாதம்கூடத் தாங்காது. ரோம் நாவல் தடிமன் அதிகம், சின்ன அளவுப் பதிப்பில் எழுத்து பொடியாக இருக்கும். நாற்பது தாண்டியவர்கள் பெரிய அளவுப் பதிப்பாகத் தேடுவது நல்லது.

இரண்டுக்கும் வண்ணப்படப் பதிப்புகள் உண்டு, பாரிஸுக்கு 2004, ரோமுக்கு 2005. கிடைத்தால் பத்து ரிங்கிட் கூடக் கொடுத்தாலும் தகும். கிடைக்காவிட்டால் கைப்பேசியில் படங்களை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸுக்கு மோனா லிசா, பாறைகளின் கன்னி, விட்ருவிய மனிதன், இறுதி இராவுணவு. ரோமுக்குப் புனித தெரேசா, ஹபக்கூக்கும் தூதனும், நான்கு நதி நீரூற்று, புனித பேதுரு சதுக்கத்தின் மேலிருந்து எடுத்த படம். நடுவில் தேடப்போனால் தேடல் பக்கமே கொலைகாரன் பெயரைக் காட்டிவிடும்.

யாருக்கு எது

இரவு வேலைக்காரர், விட்டு விட்டுப் படிப்பவர், இயற்பியல் பிடித்த பிள்ளை, கத்தோலிக்க வீடு, படத்தை ஏற்கனவே பார்த்தவர்: ரோம்.

குறுக்கெழுத்தும் சுடோகுவும் போடுகிறவர், ஆங்கிலச் சொல்விளையாட்டில் நாட்டமுள்ளவர், ஏறக்குறைய மூன்று வாரத்தில் முடிக்க வேண்டியவர்: பாரிஸ்.

வாசிப்பு வட்டத்துக்குப் பாரிஸ்தான், வீட்டு நிலைமை இடம் கொடுத்தால். ஒருவர் நாவலைச் சொல்ல, இன்னொருவர் அன்மாஸ் சங்கத்தையும் நைசேயாவையும் எடுத்து வைக்கட்டும். ஆளுக்கொரு பிரதி இல்லையென்றால் எண்ணும் எழுத்தும் வரும் பக்கங்களை மட்டும் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, பென்சிலோடு வரச் சொல்லுங்கள்.

எந்த வகையிலும் சேராமல் ஒரே ஒரு டான் பிரவுன் போதும் என்கிறவருக்கு என் ஓட்டு ரோமுக்கு. முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டால் அது நிற்காமல் ஓடும். இரண்டையும் படித்தே தீருவேன் என்கிறவர் நடுவில் குறைந்தது ஆறு மாதம் விடட்டும், வேறு யாருடைய நாவலையாவது படித்துக்கொண்டு. சட்டியின் வடிவம் மறந்தால்தான் இரண்டாவது பணியாரம் ருசிக்கும்.